பண்ணையைப் பாத்தியாகச் சுருக்கினோம்

பள்ளிப் பண்ணை பாழாய்க் கிடந்தால் யாரையாவது கைகாட்டுவது நமக்குப் பழக்கம். பணம் ஒதுக்கவில்லை, ஆள் போடவில்லை, மழை பெய்யவில்லை என்போம். எல்லாம் ஓரளவு உண்மைதான். ஆனால் வேளாண்மை படித்தவர்கள், படிப்பித்தவர்கள், பிள்ளைகளை அதற்கு அனுப்பியவர்கள், பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்று கொங்குச் சீமையில் நம் எல்லோருக்கும் இந்தப் பழியில் பங்கு உண்டு. அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுவோம்.

நம் கைக்கு வந்த சொத்து சின்னதல்ல. 1860-களில் சைதாப்பேட்டையில் அரசுச் சோதனைப் பண்ணை அமைந்தது. வேளாண் கல்வி அந்தப் பண்ணையை ஒட்டித்தான் வளர்ந்தது. 1906-இல் கோவைக்கு வந்து சேர்ந்தது. நன்செய், தோட்டக்கால், மானாவாரி மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கக்கூடிய ஊர் இது. 1909-இல் இங்கே தொடங்கிய நிரந்தர உரச் சோதனை, நூறாண்டு கடந்தும் அதே நிலத்தில் நடக்கிறது. ஒரு பாத்திக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு ரசாயன உரம், இன்னொன்றுக்கு எதுவுமே இல்லை. ஆட்சி மாறியது, அதிகாரிகள் மாறினார்கள், பாத்திகள் மாறவில்லை. 1912-இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகளான பார்பரும் வெங்கட்ராமனும் நாட்டு நாணலோடு கரும்பை ஒட்டுச் சேர்த்தார்கள். அதில் பிறந்த கோ 205 ரகம் வட இந்திய வயல்களுக்குப் போனது. 1930-இல் அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம், கைவேலையும் படிப்பும் ஒன்றாக நடக்கலாம் என்று பெரியநாயக்கன்பாளையத்தில் காட்டியது. 1978-இல் மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்வி வந்தபோது வேளாண்மையும் அதில் ஒரு பாடமானது. வழி தெரியாமல் நாம் தவறவில்லை. வழி கண்ணெதிரே இருந்தது.

முதலில் காலத்தைத் தொலைத்தோம். மண்ணுக்கு ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், தைப்பட்டம் என்று ஒரு கணக்கு. நாம் பருவத்தேர்வுக் கணக்கைக் கொண்டுவந்து அதன்மேல் ஏற்றினோம். வைகாசி, ஆனியில் ஊன்றும் மஞ்சளைத் தை, மாசியில்தான் வெட்ட முடியும். வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி மண்டிக்குக் கொண்டுபோக இன்னும் நாளாகும். ஆறு மாதத்துக்கு ஒரு பாடம் என்றால் இதில் எதை மாணவர் முழுதாகப் பார்ப்பார்? ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு அவருக்குத் தெரியும். ஒரு குவிண்டால் மஞ்சள் காய எத்தனை வெயில் வேண்டும் என்பது தெரியாது. சில சென்ட் பாத்தி, அதில் தேர்வுக்கு முன் முடிகிற பயிர், ஒரு பதிவேடு, ஒரு கையெழுத்து என்று எல்லாம் முடிந்துபோனது. விடுமுறையில் தண்ணீர் கட்டியது யார் என்று பதிவேட்டில் எழுத இடமே இல்லை.

இரண்டாவது, கட்டுத்தரையைக் காலி செய்தோம். ஞாயிற்றுக்கிழமை பால் கறப்பது யார், தீபாவளிக்குத் தீனி போடுவது யார் என்ற தகராறு வந்தது; மாட்டை விற்றோம், தகராறு தீர்ந்தது. பிறகு எருவை லாரியில் விலைக்கு வாங்கினோம். காங்கேயம் காளையைப் பற்றி மேடையில் பெருமை பேசுகிறோம். அந்த இனத்தை வளர்த்தது கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம்: கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மேயவிட்டு, ஆறவிட்டு, மறுபடி மேயவிடும் அந்தக் கணக்கை ஒரு பள்ளிப் பண்ணையில் இரண்டு ஏக்கரில் காட்டியிருக்கலாம். மாடு இல்லாத இடத்தில் அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம்.

மூன்றாவதைச் சொல்லத்தான் நாக்கு தயங்குகிறது. மண்வெட்டி பிடிப்பது ஒரு சிலர் வேலை, குறிப்பெடுப்பது மற்றவர் வேலை என்ற பழைய ஏற்பாட்டைப் பள்ளிக்குள்ளும் கொண்டுவந்தோம். நிலம் வைத்திருந்தவரைப் ‘பண்ணாடி’ என்று அழைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தின் பாரத்தைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர்கள். படிப்பு வந்தால் இந்தப் பிரிவினை கரையும் என்றார்கள். செய்முறை வகுப்பில் நடந்தது என்ன? பண்ணைத் தொழிலாளி வரப்பு வெட்டினார், அக்காமார் களை எடுத்தார்கள், மாணவர்கள் நிழலில் நின்று அதைப் படம் எடுத்தார்கள். எந்த மடையில் தண்ணீர் தேங்கும், எந்த மூலையில் உப்புப் பூக்கும், எந்தக் கிணறு சித்திரையில் முதலில் வற்றும் என்பதெல்லாம் அறிந்த மனிதர் ஓய்வு பெற்றபோது சால்வை போர்த்தி அனுப்பிவைத்தோம். அவருக்குத் தெரிந்ததில் ஒரு வரியைக்கூட எழுதி வாங்கவில்லை. தினக்கூலிப் பட்டியலில் இருந்தவரை ஆசிரியர் என்று எண்ணிப் பார்க்க நமக்குத் தோன்றவே இல்லை.

நான்காவது, வரவு செலவை மறைத்தோம். விதை, எரு, கூலி, மின்சாரம், வண்டி வாடகை எல்லாம் போக ஏக்கருக்கு மிச்சம் என்ன என்பதுதான் பண்ணையத்தின் முதல் கேள்வி. பள்ளிப் பண்ணையில் காய் விற்ற காசு எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று மாணவருக்குத் தெரியாது; நட்டம் வந்தால் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. அப்படிப் படித்து வந்தவர் கல்லூரியின் கடைசி ஆண்டில் கிராமத்தில் தங்கி, ஆயிரம் அடி ஆழ்குழாய்க் கிணற்றுக்குக் கடன் வாங்கிய விவசாயியிடம் இனக்கவர்ச்சிப் பொறியை விளக்குகிறார். விவசாயியும் “சரிங்க கண்ணு” என்று கேட்டுக்கொள்கிறார். மரியாதை அவருடையது, வெட்கம் நம்முடையதாக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் வெளியிலிருந்தும் துணை நின்றோம். “படிச்சுப்போட்டு மண்ணு வெட்டறதா?” என்று கேட்டது பெற்றோர்களாகிய நாம்தான். வேளாண் பட்டத்தை வங்கி வேலைக்கும் அரசுத் தேர்வுக்கும் ஏணியாக மட்டும் பார்த்தோம். விடுதி கட்ட, வண்டி நிறுத்த, விழா மேடை போட இடம் தேவைப்பட்டபோது கிணற்றோரத்து நல்ல நிலத்தைத்தான் முதலில் காட்டினோம். திறப்பு விழாவன்று கைதட்டி வரவேற்ற சொட்டுநீர்க் குழாய் உப்பு அடைத்து நின்றபோது, அமிலம் விட்டுக் கழுவ யாரும் வரவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்களாகிய நாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தோம். உள்ளே போய் ஒருநாள் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

குற்றம் சொல்லி முடித்துவிட்டால் இதுவும் இன்னொரு பதிவேடாகிவிடும். செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன. ஒரு மாணவர் குழுவுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு முழு ஆண்டு; மஞ்சளோ கரும்போ, ஊன்றியவர்களே விற்கவும் வேண்டும். வரவு செலவு பண்ணை வாசலில் பலகையில் எழுதப்பட வேண்டும், நட்டமானாலும். பண்ணைத் தொழிலாளிக்குப் பாட நேரமும் அதற்குச் சம்பளமும் வேண்டும். மதிப்பெண் போடுவதில் அவர் சொல்லும் கேட்கப்பட வேண்டும். இரண்டு மாடாவது கட்டுத்தரையில் நிற்க வேண்டும். விடுமுறை நாள் முறைப்பட்டியலில் ஆசிரியர் பெயரும் இருக்க வேண்டும். பண்ணை நிலத்தில் ஒரு செங்கல் வைப்பதற்கு முன் ஊரைக் கேட்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளியிலோ கல்லூரியிலோ பண்ணை இருந்தால், வருகிற ஆடிப்பட்டத்துக்கு முன் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். இந்தப் போகத்தில் என்ன விதைக்கிறீர்கள், யார் தண்ணீர் கட்டுகிறார்கள், போன போகத்தில் என்ன மிச்சம் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுநாளும் போங்கள்.