மூட்டைக்குள் உறங்கும் தமிழ்

தலைநகரில் நம்மவர் நாலு பேர் கூடிப் பேசினால் தவறாமல் எழும் குறை ஒன்று உண்டு. "இங்கே பல்கலைக்கழக நூலகங்களில் தமிழ்ப் புத்தகமே கிடையாது, சார்" என்பதுதான் அது. தில்லியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்தக் குறை பாதிதான் உண்மை. புத்தகம் இருக்கிறது. ஆனால் இருப்பது யாருக்கும் தெரியாது. தெரியச் செய்யும் கை அங்கே இல்லை. கேட்டு வாங்கும் குரல் நம்மிடம் இல்லை.

நூலக ஊழியர் என்றால் கவுண்டரில் உட்கார்ந்து தேதி முத்திரை குத்துபவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். வாசகர் கண்ணில் படாத வேலைதான் அங்கே அதிகம். ஒரு புத்தகம் வந்ததும் அதற்குப் பதிவேட்டில் வரிசை எண் கொடுக்க வேண்டும். பொருள் அறிந்து வகைப்படுத்த வேண்டும். ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு எல்லாம் பார்த்துப் பட்டியலில் ஏற்ற வேண்டும். பிறகு முதுகில் எண் ஒட்டி, உரிய அலமாரியில் உரிய இடத்தில் வைக்க வேண்டும். எண் கொடுக்கவும் சீட்டு ஒட்டவும் தமிழ் தெரியவேண்டியதில்லை. ஆனால் வகைப்படுத்தவும் பட்டியலிடவும் புத்தகத்தைப் பிரித்து நாலு பக்கமாவது படிக்க வேண்டாமா? அந்த இடத்தில்தான் தமிழ்ப் புத்தகம் நின்றுவிடுகிறது.

நான் பணியாற்றிய இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நம்மவர்கள் ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது, வருஷக்கணக்காகச் சேர்த்த புத்தகங்களை நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். நல்ல எண்ணம்தான். நூலகமும் நன்றிக் கடிதம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். நான் இருந்தது பருவ இதழ்ப் பிரிவு. எனினும் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவனே என்பதால், மாலையில் என் வேலை முடிந்ததும் பட்டியல் பிரிவுக்குப் போய் ஐந்தும் பத்துமாக அந்தப் புத்தகங்களைப் பதிந்து வந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு அதுவும் நின்றது. சென்ற ஆண்டு போய்ப் பார்த்தேன். மாடிப்படியின் கீழே மூட்டைகள் கட்டியபடியே கிடக்கின்றன. அவற்றில் நாவல்களும் இலக்கண உரைகளும் இருக்கின்றன. இந்த நகரத்தில் தமிழர்கள் நடத்திய நாடகங்களின் விழா மலர்களும் இருக்கின்றன. சென்னையில் எந்த நூலகத்திலும் இவை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"பிரித்து அலமாரியில் வைக்கவேண்டியதுதானே, இதில் என்ன கஷ்டம்?" என்று கேட்கலாம். அந்த ஊழியர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, 20,000 புத்தகங்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் இருப்பு சரிபார்க்கப்பட வேண்டும். அதற்கு மேல் 50,000 வரை இருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. அதற்கும் மேற்பட்ட பெரிய நூலகங்களில் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சரிபார்க்கலாம். ஆண்டில் புழங்கும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை தொலைந்தால் விதி பொறுத்துக்கொள்ளும். ஆனால் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமோ அரிய புத்தகமோ தொலைந்தால் விசாரணை உண்டு. இந்த நிலையில், தலைப்பையே படிக்க முடியாத ஒரு புத்தகத்தைப் பதிந்து, அதற்குப் பொறுப்பேற்க எந்த ஊழியர் முன்வருவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, பட்டியலில் ஏறிய புத்தகமாவது கிடைக்கிறதா என்றால் அங்கேயும் ஒரு முடிச்சு. நூலகங்களுக்குக் கணினி வந்த புதிதில் தமிழ் எழுத்தை உள்ளிட வசதி இல்லாததால் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதிந்தார்கள். திருக்குறளைத் தேடும் மாணவன் தன் பழக்கப்படி 'டி'யுடன் 'எச்' சேர்த்துத் தட்டுகிறான். பட்டியலிட்டவர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி வெறும் 'டி' போட்டிருப்பார். நாம் ழகரத்துக்கு 'இஸட்', 'எச்' என்று எழுதுகிறோம். அந்த முறையிலோ அது 'எல்' எழுத்தின் கீழ் ஒரு கோடு. சிலப்பதிகாரத்தை 'எஸ்' எழுத்தில் தேடுவதா, 'சி' எழுத்தில் தேடுவதா? தேடினேன், இல்லை என்று மாணவன் திரும்பிவிடுகிறான். புத்தகமோ இரண்டாவது மாடியில் தூசி படிந்து நிற்கிறது.

ஆசிரியர் பெயரிலும் இதே கதைதான். வடக்கே குடும்பப் பெயர் கடைசியில் வரும். நமக்குத் தகப்பனார் பெயரோ ஊர்ப் பெயரோ முதலெழுத்தாக முன்னால் நிற்கும். இது தெரியாதவர் கையில் உ.வே. சாமிநாதையர் 'ஐயர்' என்ற தலைப்பின் கீழ் போய்விடுவார். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்று தெரியாவிட்டால் பட்டியலில் அவர்கள் இரண்டு பேர். இதையெல்லாம் சரி செய்யப் பெரும் பணம் தேவையில்லை. யுனிகோடு முறையில் 1991 முதலே தமிழ் எழுத்துகளுக்கு இடம் உண்டு. இன்று பல நூலகங்கள் பயன்படுத்தும் 'கோஹா' மென்பொருளில் தமிழை அப்படியே உள்ளிடலாம். கருவி இருக்கிறது. உட்கார்ந்து உள்ளிடத் தமிழ் படித்த ஒருவர்தான் இல்லை.

இதில் என்னை மிகவும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்டு 12ஆம் தேதியை நாடெங்கும் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று மாலை சூட்டப்படும் படம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனுடையது. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். 1933இல் கோலன் பகுப்பு முறையைத் தந்தார். 1945இல் காசி இந்து பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கிருந்த சுமார் ஒரு லட்சம் நூல்களை ஏறத்தாழத் தன்னந்தனியாகவே வகைப்படுத்தினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நூலகவியல் கல்வியை வளர்த்தார்.

அவருடைய முறையில் இலக்கியத்துக்கு 'ஓ' என்ற எழுத்து, தமிழுக்கு 31. அமெரிக்கர் டூயி வகுத்த முறையிலோ ஆங்கில இலக்கியம் 820இல் நேராக அமர்ந்திருக்க, தமிழ் இலக்கியம் 'பிற மொழிகள்' என்ற கடைசிக் கட்டில் 894.811 என்று புள்ளிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. அலமாரியில் நம் மொழிக்கு நேரான இடம் கொடுத்தவர் படத்துக்கு மாலை. அதே கட்டடத்தின் மாடிப்படியின் கீழே தமிழ் மூட்டை. இது பொருத்தமாக இருக்கிறதா என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

புத்தகம் வாங்கும் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிப்பாளர்கள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, தில்லிப் பொது நூலகம் போன்றவற்றுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். பல்கலைக்கழக நூலகங்களுக்கு அந்த வரத்து இல்லை. அங்கே யாராவது பரிந்துரைத்தால்தான் புத்தகம் வாங்குவார்கள். ஆசிரியர் பரிந்துரைக்கலாம்; பெரும்பாலான நூலகங்களில் மாணவரும் பரிந்துரைக்கலாம். அடுத்த ஆண்டு எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்று பார்க்கும்போது, எந்த அலமாரிப் புத்தகங்கள் இரவல் போயின என்பதையும் பார்க்கிறார்கள். பல ஆண்டுகளாக யாரும் எடுக்காத புத்தகம் முதலில் பின்கட்டுக்குப் போகும். பின்கட்டும் நிரம்பினால் கழிவுப் பட்டியலுக்குப் போகும்.

மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். வரவேற்கவேண்டிய திட்டம். ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கில இதழ்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு அந்த வழியில் எதுவும் வராது. கேட்டுத்தான் பெற வேண்டும். என்னோடு வேலை பார்த்த வங்காளி நண்பர் சொல்வார்: "எங்கள் ஆட்கள் புத்தகம் இல்லாவிட்டால் சண்டை போடுவார்கள், உங்கள் ஆட்கள் வருத்தப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்." கேலியாகச் சொன்னாலும் அதில் உண்மை இருந்தது.

"இன்டர்நெட் காலத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கலாம். மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் 'சோத்கங்கா' தளத்தில் படிக்கலாம். தமிழில் எழுதப்பட்டவையும் அதில் உண்டு. எல்லாம் நல்லவையே. ஆனால் நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. ஆகவே அண்மைக்கால எழுத்தில் பெரும்பகுதியை அப்படி இலவசமாகப் போட முடியாது. மூட்டையில் கிடக்கும் விழா மலரையோ, யாராவது எடுத்துப் பதிந்தால்தான் உலகில் அப்படி ஒன்று இருப்பதே தெரியவரும். பட்டியலில் இல்லாததை எந்தக் கணினி தேடித் தரும்?

முறையாகப் பேணினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிமாநிலத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூல் தொகுப்பு கல்கத்தா தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. அங்கே தமிழுக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஆகவே தமிழ் நாட்டுக்கு வெளியே இருந்தும் அந்தத் தொகுப்பு ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. கொடுத்தவர் தமிழறிஞர் என்பது மட்டும் காரணமில்லை. வாங்கிய இடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருந்ததும் காரணம்.

ஆகவே நம் சங்க அன்பர்களுக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, இனி யார் நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்தாலும் மூட்டையோடு ஒரு பட்டியலும் கொடுக்கட்டும். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, எதைப் பற்றியது என்று ஒரு வரி. இவற்றைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தட்டச்சு செய்து கொடுத்தால் நூலக ஊழியரின் வேலையில் பாதி முடிந்துவிடும். கொடுப்பதற்கு முன், அந்த நூலகம் என்னென்ன ஏற்றுக்கொள்ளும் என்று கேட்பதும் அவசியம்.

இரண்டு, நம்மிடையே ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் ஏராளம். அவர்களில் பத்துப் பேர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒதுக்கினால் போதும். நூலகரிடம் முறைப்படி அனுமதி கேட்டு, அவருடைய ஊழியர் முன்னிலையிலேயே மூட்டைகளைப் பிரித்துப் பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். பதிவேட்டுப் பொறுப்பு அவர்களுடையது. வாசித்துச் சொல்வது மட்டுமே நம் வேலை. எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுக்க நான் வருகிறேன். ஆனால் இது தற்காலிக உதவிதான். தமிழ் அறிந்த நூலக உதவியாளர் ஒருவரையாவது நியமிக்கும்படி துணைவேந்தருக்குச் சங்கத்தின் சார்பில் எழுத வேண்டும்.

மூன்று, கேளுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: வேண்டிய தமிழ் நூல் இல்லாவிட்டால் பரிந்துரைப் படிவத்தை நிரப்பட்டும். இருக்கிற நூலை இரவல் எடுக்கட்டும். வேறு நூலகத்தில் இருந்தால் அங்கிருந்து தருவித்துக் கொடுக்கவும் வழி உண்டு. 1988இல் இதே தில்லியில் நூலகங்களை இணைக்கத் தொடங்கிய 'டெல்நெட்' அமைப்பு அதற்காகத்தான் இருக்கிறது. ஒருவர் கேட்டால் அது தனி மனிதர் விருப்பம். ஐம்பது பேர் கேட்டால் நூலகம் பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லா நூலுக்கும் எங்கேயோ ஒரு வாசகர் காத்திருக்கிறார், இருவரையும் சேர்த்துவைப்பது நூலகத்தின் கடமை என்பது ரங்கநாதன் வகுத்த நெறியின் சாரம். வெளி மாநிலத்தில் அந்தக் கடமையில் பாதியை நாம்தான் சுமக்க வேண்டும். வரும் ஆகஸ்டு 12 அன்று நம் சங்கத்திலிருந்து ஒரு குழு ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்காவது செல்லட்டும். சீர்காழிப் பெரியவரின் படத்துக்கு நம் பங்காகவும் ஒரு மாலை போடுவோம். போட்ட கையோடு நூலகரிடம் நம் வேண்டுகோள் கடிதத்தையும், சனிக்கிழமைகளில் வரச் சம்மதித்த பத்துப் பேரின் பெயர்ப் பட்டியலையும் கொடுப்போம். அந்தப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மீதி ஒன்பது பெயர்களை எதிர்பார்க்கிறேன்.