மாமனும் மருமகனும் கூடாது

விடுமுறைக்கு மாமல்லபுரம் போகிற குடும்பங்கள் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடலைப் பார்க்கப் போய்விடுகின்றன. போகட்டும், அடுத்த முறை ஒரு நாள் எதிர்த்திசையில் திரும்பி உத்திரமேரூருக்கும் போய் வாருங்கள். பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர்தான். இப்போது காஞ்சிபுரம் மாவட்டம்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச் சபையார் வகுத்த விதிகளை அங்கே கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். குடவோலைக் கதையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும். எனக்குப் பிடித்தது, யார் யார் கூடாது என்கிற ஜாபிதாதான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் மட்டுமா? சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தாளை மணந்தவன், மகளைக் கட்டிய மருமகன் என்று ஒருவரையும் விடவில்லை! நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை உறவு வராது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் அங்கே இடம், நமக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஊர் வழக்கைத் தீர்க்கிற சபைக்குக் கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டும், உறவும் குறுக்கே வரக்கூடாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே!

நம் காலத்தில் இதை நினைவூட்டியவர் நீதிபதி கே. சந்துரு. 2006-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். "மை லார்ட்" என்று அழைக்க வேண்டாம் என்று வக்கீல்களிடம் சொல்லிவிட்டார். 2013 மார்ச்சில் ஓய்வு பெற்றபோது பிரிவுபசாரம் வேண்டாமென்று மறுத்து, சொத்துக் கணக்கைத் தலைமை நீதிபதிப் பொறுப்பில் இருந்தவரிடம் எழுதிக் கொடுத்து, சர்க்கார் காரையும் ஒப்படைத்துவிட்டு, ரயிலேறி வீடு திரும்பினார்.

ரயிலில் போகிறவரெல்லாம் நல்ல நீதிபதி ஆகிவிடுவாரா, என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். ஆகவே 2008-ல் மதுரைக் கிளையில் அவர் தீர்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் துர்க்கையம்மன் கோயில். பூசாரியாக இருந்த தகப்பனாருக்கு உடம்பு முடியாமல் போகவே, மகள் பூசை செய்து வந்தார். அவர் காலமான பிறகும் தொடர்ந்தார். பெண் பூசை செய்யலாகாது என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. (அம்மனும் பெண்தானே என்று யாரும் கேட்கவில்லை போலும்!) எதிர்த்தவர்கள் பலர், அந்த அம்மாள் ஒருத்தி. அதிகாரிகளும் ஊர்ப் பக்கமே சாய்ந்தார்கள். நீதிபதி தலைகளை எண்ணவில்லை. பெண் பூசை செய்வதைத் தடுக்கிற சட்டம் எங்கே என்று பார்த்தார். அப்படி ஒன்று இல்லை. அந்த அம்மாள் பூசையைத் தொடரலாம் என்று தீர்ப்பாயிற்று.