சுவரில் எழுதின சட்டம்

"அந்த ரூலைத் திருத்தியாச்சு சார்!" என்றார், ஓர் ஆபீஸில் கிளார்க்.

"எங்கே பார்க்கலாம்?"

"கெஸட்ல வந்துச்சு. எந்த வருஷம்னுதான் ஞாபகமில்லை."

ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடல் போயிருந்தேன். பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு. ஆஸ்பத்திரிக்கு 15 படுக்கை, வைத்தியருக்கு இத்தனை நெல் என்று பைசா சுத்தமாகக் கணக்கு!

பக்கத்து உத்திரமேரூரில் இன்னும் விசேஷம். கி.பி. 919-ல் சபைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். இரண்டே வருஷத்தில் திருத்தம். 30-60 என்றிருந்த வயது வரம்பு, 35-70 ஆனது. கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவர் சொந்தக்காரர்கள் பெயரையும்தான். (பி.காம். படித்தவனுக்குப் புல்லரிக்காதா?)

கவனியுங்கள், திருத்தினபோது விதிகளை முழுசாக மறுபடி வெட்டியிருக்கிறார்கள். நம் திருத்தச் சட்டமோ, 'அல்லது' என்பதற்குப் பதில் 'மற்றும்' என்று சொல்லிவிட்டு நழுவிவிடும். மூலத்தை நாம் தேட வேண்டும். அமெரிக்காவில் இதற்காகவே, நிறைவேறின வரிசையில் ஒரு தொகுப்பு. நடப்புச் சட்டங்களைத் திருத்தத்தோடு பொருள்வாரியாக அடுக்கி, 1926 முதல் இன்னொன்று. நம் மத்திய சட்டங்களும் இப்போது 'இந்தியா கோட்' இணையதளத்தில் கிடைக்கின்றன.

'சட்டம் தெரியாது' என்றால் கோர்ட்டில் மன்னிப்பு கிடையாது. அப்படியானால், தெரியும்படி எழுதி வைப்பது யார் கடமை?

உத்திரமேரூரில் யாராவது 'தெரியாதே' என்று இழுத்திருந்தால், சுவரைக் காட்டியிருப்பார்கள். எனக்கு அடுத்த கவுன்ட்டரைக் காட்டினார்கள்.