ஆசனம் கேட்ட நாதஸ்வரம்

கோயிற் கொடியேற்றமாயினும் கலியாண வீடாயினும், மேளம் ஒலியாத மங்கலம் நம் யாழ்ப்பாணத்தில் இல்லை. புத்தூரிலும் அயற் கிராமங்களிலும் திருவிழா இரவுகளில் மேளச் சமா கேட்டு மகிழ்ந்தோர் பலர். எனினும், வாசித்தவரை நாம் எங்கே வைத்திருந்தோம்? இசைக்கு முதலிடம் கொடுத்தோம். இசைத்தவருக்கு வீதியோரத்தையே கொடுத்தோம். இவ்வழக்கை மாற்ற முனைந்த ஒருவரை இவ்வாரம் நினைவு கூர்வோம்.

திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆந் திகதி தஞ்சைப் பகுதியிலுள்ள திருமருகலிற் பிறந்தவர். இளமையில் வாய்ப்பாட்டுப் பயின்ற பின்னரே அவர் நாதஸ்வரத்தைக் கையிலெடுத்தார். அதனாற் போலும், அவருடைய குழலில் மனிதக் குரலின் குழைவு இருந்தது.

அக்காலத்தில் வழங்கியது திமிரி எனப்படும் குட்டை நாதஸ்வரம். அதன் உச்ச சுருதி நெடுந்தூரம் கேட்கும்; ஆனால் சுத்த மத்திமம் அதிற் செம்மையாக எழாது. நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரியாரின் கைவண்ணத்தோடு தம் ஆராய்ச்சியையும் கூட்டி, நீண்ட பாரி நாதஸ்வரத்தைப் பிள்ளையவர்கள் நிலைநாட்டினார். குழல் நீண்டால் சுருதி தாழும் என்பது மாணவர் பௌதிகத்திற் கற்கும் விதியேயன்றோ! தாழ்ந்த சுருதியில் இராகத்தை ஆறுதலாக விரிக்க இடமுண்டாயிற்று. தோடி என்றால் இராஜரத்தினம் என்னும் புகழ் எங்கும் பரவியது.

கடல் கடந்தும் இதனையொத்த வரலாறு உண்டு. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையும் வீதி ஊர்வலங்களில் வளர்ந்ததே. அங்கே டிராம்போன் என்னும் நீள்குழலை ஊதிக் குழுவை நடத்தியவர் கிட் ஓரி (1886–1973). குழலை நீட்டி மடக்க இடம் வேண்டி, டிராம்போன்காரரை வண்டியின் பின்முனையில் இருத்துவர். அவ்விடத்தின் பெயரே அந்த வாசிப்பு முறைக்கும் பெயராயிற்று. 1922இல் இசைத்தட்டுப் பதித்த அவரும், பொருளாதார மந்தக் காலத்திற் கோழி வளர்த்துச் சீவிக்க நேர்ந்தது. 1940களிலேதான் உலகம் மீண்டும் அவரைத் தேடி வந்தது.

நம் பிள்ளையவர்களோ உலகம் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நின்றே வாசிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை மறுத்தார். பாடகருக்கு இடும் மேடையைத் தமக்கும் கேட்டுப் பெற்றார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார். இதனைச் செருக்கென்றோர் உளர். தமக்காக மட்டுமா கேட்டார்? பின்வந்த கலைஞர் அனைவருக்குமன்றோ அவ்வாசனம் கிடைத்தது! 1940இல் ‘காளமேகம்’ திரைப்படத்தில் நடித்தார். 1947 ஆகஸ்ட் 14ஆந் திகதி, திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் செங்கோல் கையளித்த வேளையில் ஒலித்ததும் அவர் நாதஸ்வரமே. 1956 டிசம்பர் 12ஆந் திகதி அவர் மறைந்தார்.

இணுவில் ஈன்ற தவில் மேதை தெட்சணாமூர்த்தியை இழந்ததும் 1975இலேயே. அத்தகையோரைத் தந்த மண் இது. அடுத்த திருவிழாவில் மேளம் தொடங்கியதும் பேச்சை நிறுத்துவோம். பிள்ளைகளை முன்வரிசையில் இருத்துவோம். வாசித்து முடித்தவரை முதற்பந்தியில் அமர்த்தி உபசரிப்போம். கலைஞருக்கு ஊர் கொடுக்கும் ஆசனம், தன் பிள்ளைகளின் செவிக்கு அது தேடி வைக்கும் செல்வமாகும்.