பீனிசத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் நோய்: கண்டியிலிருந்து சில கேள்விகள்

மலையகத்தில் பீனிசம் என்பது நோய்க் கணக்கிலேயே வராத நோய். மழையும் பனியும் மாறிமாறி வரும் கண்டியைச் சுற்றிய ஊர்களில், மூக்கடைப்பும் தலைப்பாரமும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆவி பிடிப்போம், கொத்தமல்லி அவித்துக் குடிப்போம், வேலைக்குப் போவோம். பெரும்பாலானோருக்கு அது போதும். ஒரு சிலருக்குப் போதாது. அந்தச் சிலரில் சிலருக்கு, பீனிசம் வேறொரு நோயின் வெளிமுகம்.

அந்த நோயின் பெயர் சிஸ்டிக் பைப்ரோசிஸ். உப்பையும் நீரையும் உடற்கலங்களின் வழியே கடத்தும் புரதம் ஒன்று பிறப்பிலேயே பழுதாக இருப்பதால் வருவது. அதற்குரிய மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. புரதம் வேலை செய்யாதபோது சளி பசைபோல் இறுகிவிடுகிறது. நுரையீரலில் தேங்குகிறது, கணையத்தின் குழாய்களை அடைக்கிறது, முகத்தின் எலும்பறைகளில் உறைந்து கிருமிகளுக்கு வீடாகிறது. வியர்வையில் வழமையைவிட அதிகமாக உப்பு இருக்கும். தாய், தந்தை இருவரும் இந்தப் பழுதைக் காவுபவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் இருவரும் காவிகளாக இருக்கும் சாத்தியம் கூடுகிறது.

இதை நீண்டகாலமாக 'வெள்ளைக்காரரின் நோய்' என்றே மருத்துவ நூல்கள் எழுதின. தெற்காசியாவில் இந்நோயுள்ளவர்களுக்கு ஆஸ்துமா என்றோ கசநோய் என்றோ பெயர் வைக்கப்பட்டது. போர் நடந்த பகுதியின் நோயாளிகளுக்கு இன்னொரு திரையும் உண்டு. இந்நோயைச் சந்தேகிக்க வைத்தியர் கேட்கும் கேள்விகள் பழைய கதையைப் பற்றியவை. சிறுவயதில் எத்தனை தடவை நிமோனியா வந்தது? மூக்கில் சதை வளர்ந்ததா? உடன்பிறந்தவர் யாரும் சிறுவயதில் இறந்தார்களா?

ஏ-9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது. 1958, 1977, 1983 வன்முறைகளின்போது மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்களின் உறவுகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். மருத்துவத்துக்காக இங்கு வருபவர்களும் உண்டு. கண்டியில் ஒரு கிளினிக்கில், வன்னியிலிருந்து வந்த ஒரு தாய்க்கும் மகனுக்கும் மொழிபெயர்க்க உதவினேன். பழைய கிளினிக் கொப்பி இருக்கிறதா என்று கேட்டார்கள். "எல்லாம் இடம்பெயர்வோட போச்சு தம்பி" என்றார் அந்த அம்மா. 2009இல் பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று இருபத்தைந்தைக் கடந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் மருத்துவ வரலாறு பதுங்கு குழியிலும் முகாமிலும் கிடக்கிறது. இருமி இறந்த தம்பியின் சாவும் போரின் கணக்கில் சேர்ந்துவிட்டது. பரம்பரைக் கதை போரின் கதைக்குள் மறைந்துபோகிறது. சிங்களத்தில் மட்டும் கேட்கப்படும் கேள்விக்கு அரைகுறையாகச் சொல்லும் பதிலில் அது மீண்டும் ஒருமுறை தொலைகிறது.

வளர்ந்தவர்களில் மூக்கின் பிரச்சினை ஏன் முக்கியம்? இந்நோயுள்ள பெரியவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் நாட்பட்ட பீனிசம் இருக்கிறது. முகத்தின் எலும்பறைகள் சூடோமோனாஸ் போன்ற பற்றீரியாக்களின் கிடங்கு. நுரையீரலுக்கு எத்தனை மருந்து கொடுத்தாலும், மேலேயிருந்து கிருமி திரும்பத் திரும்ப இறங்குகிறது. ஆகவே மூக்கைக் கவனிப்பது நுரையீரலைக் காப்பதற்கும்தான்.

சிகிச்சைக்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது, அன்றாடம் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், வைத்தியர் தரும் ஸ்டெரொயிட் ஸ்பிரேயும். மலிவானது, ஆனால் பீலித்தண்ணீரையும் கிணற்றுநீரையும் நம்பியிருக்கும் தோட்டங்களில் ஓர் எச்சரிக்கை தேவை. கொதிக்கவைத்து ஆறவைத்த நீரை மட்டுமே மூக்கில் விடலாம். மூளையைத் தாக்கும் அமீபா அசுத்த நீரோடு மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. கேரளத்தில் 2024இலும் 2025இலும் பலர் அந்தத் தொற்றுக்கு ஆளானதை நாம் செய்திகளில் பார்த்தோம்.

இரண்டாவது, உள்நோக்குக் கருவியால் சதையை நீக்கி அறைகளைத் திறக்கும் சத்திரசிகிச்சை. இந்நோயாளரில் சதை மீண்டும் வளர்வதால் ஒருமுறையோடு முடியாமலும் போகலாம். உயிராபத்து உடனடியாக இல்லாத சிகிச்சை என்பதால், நெருக்கடி வந்தால் முதலில் தள்ளிப்போவதும் இதுதான். 2022 மார்ச் இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் உதவ முன்வந்தபோதுதான் அது உலகச் செய்தியானது. அன்று வரிசையில் நின்றவர்களில் அவசரம் இல்லாதவர் எனப்பட்டோருக்கு, காத்திருப்பதும் ஒரு நோயே.

மூன்றாவது, பழுதான புரதத்தையே திருத்தும் மாத்திரைகள். 2019 ஒக்டோபரில் அமெரிக்கா அனுமதித்த ட்ரைகாஃப்டா பலரின் நுரையீரல் பாதிப்பையும், மூக்கடைப்பையும், சதை வளர்ச்சியையும் கணிசமாகக் குறைத்தது. அமெரிக்க வேர்டெக்ஸ் நிறுவனம் வைத்த விலை ஆண்டுக்கு சுமார் 311,000 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று பார்த்தால் ஒன்பது கோடிக்கு மேல். 2025 ஒக்டோபரில் பங்களாதேஷின் பெக்ஸிம்கோ நிறுவனம் அதே மருந்தின் பொதுவகையை, பெரியவருக்கு ஆண்டுக்கு 12,750 டொலருக்குத் தருவதாக அறிவித்தது. இருபதில் ஒரு பங்கிலும் குறைவு. ஆனாலும் 38 இலட்சம் ரூபா. எந்தத் தோட்டத் தொழிலாளியாலும் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. அரசு வாங்கினால்தான் உண்டு.

பங்களாதேஷால் முடிந்தது, உலக வர்த்தக அமைப்பு மிக வறிய நாடுகளுக்கு மருந்துக் காப்புரிமையிலிருந்து அளித்துள்ள விலக்கால். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியானது. இம்மருந்துக்கு இங்கே காப்புரிமை பதிவாகியிருக்கிறதா என்று அரசு முதலில் பார்க்க வேண்டும். பதிவாகியிருந்தாலும், பொதுச் சுகாதாரத்துக்காகக் கட்டாய உரிமம் வழங்கும் அதிகாரத்தை 2001ஆம் ஆண்டின் டோஹா பிரகடனம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் உறுதிசெய்திருக்கிறது. அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, பல்தேசிய நிறுவனங்களின் விலையை எதிர்த்து நின்ற சேனக பிபிலே, பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். அந்த ஊரிலேயே இந்தக் கேள்வி எழாவிட்டால் வேறெங்கே எழும்?

ஆனால் மருந்து வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. ஐரோப்பியரில் அதிகமாகக் காணப்படும் மரபணு மாற்றம் தெற்காசியரில் குறைவு. எல்லோருக்கும் அந்த மாத்திரை வேலை செய்யாது. மரபணுப் பரிசோதனை இல்லாமல் யாருக்கு என்று சொல்ல முடியாது. அதற்கும் முன்னால் நோய் அடையாளம் காணப்பட வேண்டும். எண்ணிக்கை இல்லாத நோயாளருக்காக எந்த அரசும் பேரம் பேசாது. அதனால் நான் விலையிலிருந்து அல்ல, வியர்வைப் பரிசோதனையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். வியர்வையில் குளோரைட் லீற்றருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்நோய் பலமாகச் சந்தேகிக்கப்படும்.

சிறுவயதிலிருந்தே தீராத பீனிசம், மூக்கில் மீண்டும் மீண்டும் வளரும் சதை, கசநோய் இல்லையென்று முடிவு வந்தும் நிற்காத சளி, எண்ணெய்ப்பசையான மலம், ஆண்களில் விந்தணு இன்மை. இவற்றில் இரண்டு மூன்று ஒருவரிடம் சேர்ந்திருந்தால், காது மூக்கு தொண்டை கிளினிக்கில் அல்லது நெஞ்சுநோய் கிளினிக்கில் பெயர் சொல்லியே கேளுங்கள்: "சிஸ்டிக் பைப்ரோசிஸாக இருக்குமா?" பழைய கொப்பி தொலைந்திருந்தாலும், நினைவில் உள்ளதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைத் தமிழிலேயே சொல்லவும் கேட்கவும் வசதி செய்வது, தமிழையும் அரசகரும மொழியாக ஏற்ற நாட்டின் கடமை.