கரும்பு டிரெய்லருக்கு நாற்கரச் சாலை எதற்கு?

"நாற்கரச் சாலை பக்கத்துலயே இருக்கும்போது நான் ஏன் சந்து பொந்துல போகணும், பெரியப்பா?"

போன வாரம் எதிர்வீட்டுப் பிள்ளை என்னைக் கேட்ட கேள்வி இது. சொந்த டிராக்டர், சொந்த டிரெய்லர், அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிப் பிழைக்கிறவன். நல்ல பிள்ளை, உழைப்பாளி. திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாதாடினோம். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் விடவில்லை. அவனிடம் சொல்லி முடிக்காததை இங்கே எழுதிவிடுகிறேன். டிராக்டர் வைத்திருக்கும் அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் கட்சி இதுதான். பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு உள்சாலைதான் சாலை. நாற்கரச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் கடக்கட்டும். அதில் ஏறி ஓடக் கூடாது. இருட்டிய பிறகு கூடவே கூடாது.

நம் திருநாவலூர்க்காரர்களுக்கு அந்தச் சாலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் டிரங்க் ரோடு என்று சொல்லிப் பழகியது, பிறகு 45 ஆம் எண் ஆகி, இப்போது 38 என்று பலகை போட்டிருக்கிறார்கள். உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலையும் வந்து சேருகிறது. சென்னைக்கும் தெற்குக்கும் மேற்குக்கும் போகிற வண்டிகளில் பாதி நம் தலைமாட்டில்தான் ஓடுகிறது. அதே சாலையில்தான் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம், பெரியசெவலை என்று சுற்றியுள்ள ஆலைகளுக்குப் போகும் கரும்பும் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

பிள்ளையின் முதல் வாதம் நேரம். சரி, கணக்குப் போடுவோம். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்துக்குக் கணக்குப் போட்டவன் நான். ஆலை நெடுஞ்சாலை வழியாக 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றிய டிராக்டர் மணிக்கு 25 கிலோமீட்டர் போனால் 36 நிமிஷம். உள்சாலையில் வளைந்து வளைந்து 18 கிலோமீட்டர், வேகமும் 20 தான் என்றால் 54 நிமிஷம். மிச்சம் பிடித்தது 18 நிமிஷம். இந்த 18 நிமிஷத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனால் அங்கே என்ன நடக்கிறது? எடைமேடைக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். அரவை மும்முரத்தில் அரை நாளும் ஆகும், ராத்திரி முழுக்கவும் ஆகும். டிரெய்லருக்கு அடியில் சாக்கு விரித்துத் தூங்கிய கதையை அந்தப் பிள்ளையே என்னிடம் சொல்லியிருக்கிறான். அப்படித் தூங்கப் போவதற்கா இந்த அவசரம்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாற்கரச் சாலையில் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. டிராக்டர் 25 ல் போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 75. அதாவது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 21 மீட்டர் இடைவெளி குறைகிறது. எதிரே வருகிற விளக்கு கண்ணைக் கூசும் இரவில், பின்விளக்கு இல்லாத டிரெய்லர் 50 மீட்டரில் கண்ணில் பட்டால் கார்க்காரனுக்குக் கிடைப்பது இரண்டரை விநாடிகூட இல்லை. பார்த்து, புரிந்துகொண்டு, காலை பிரேக்கில் வைப்பதற்குள் அதில் பாதி போய்விடும். உள்சாலையில் அதே கார் 40 ல் வரும், டிராக்டர் 20 ல் போகும். அதே 50 மீட்டருக்கு ஒன்பது விநாடி. ஒன்பது விநாடியில் வண்டியை நிறுத்திவிட்டு டிராக்டர்காரனைத் திட்டவும் நேரம் இருக்கும். திட்டு வாங்கினால் யாரும் சாகமாட்டார்கள்.

"என் டிரெய்லர்ல லைட்டு இருக்கு" என்கிறான். இருக்கிறது, நான் பார்த்தேன். அதன் மேல் கரும்பின் நுனி இரண்டு முழம் தொங்குகிறது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான், அதன் மேல் வயல் சேறு அப்பியிருக்கிறது. விளக்கின் ஒயர் டிராக்டரோடு சேரும் இடத்தில் பிய்ந்து, டயர் டியூப் துண்டு சுற்றிக் கட்டியிருக்கிறது. இருப்பது வேறு, எரிவது வேறு, எரிவது கண்ணுக்குத் தெரிவது வேறு.

இதை நான் லேசாக எழுதவில்லை. என் மனைவியின் தம்பி இப்படித்தான் போனார். மாசி மாதம், ராத்திரி ஒன்பது மணி இருக்கும். கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். இடது ஓரமாகத்தான் வந்தார், குடிக்கும் பழக்கம் கிடையாது. அவருக்கு முன்னால் இருந்தது ஒரு டிரெய்லரின் முதுகு. டயர் பஞ்சர் ஆகி, சாலையிலேயே நிறுத்திவிட்டு, டிராக்டரை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு கல்லை வைத்து, ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துப் போட்டிருந்தார்கள். இருட்டில் வேப்பங்கொத்து யாருக்குத் தெரியும்? அந்த டிரெய்லர்காரரும் ஏழைதான், காலில் விழுந்து அழுதார். அவரை நான் வைவதில்லை. ஆனால் அந்த டிரெய்லர் ஒரு கிராமத்துச் சாலையில் பஞ்சர் ஆகியிருந்தால் என் மைத்துனர் இன்றைக்குப் பேரன் எடுத்திருப்பார்.

டிரெய்லர் என்பது டிராக்டரின் வால் இல்லை. அது தனிப்பட்ட ஒரு பிராணி. டிராக்டர் இரண்டு டன் இருக்கும். பின்னால் ஏற்றுகிற கரும்பு பத்துப் பன்னிரண்டு டன். பெரும்பாலான டிரெய்லர்களில் பிரேக் கிடையாது, பிரேக் பிடிப்பது டிராக்டரின் சக்கரம் மட்டும். அதாவது இரண்டு டன், பன்னிரண்டு டன்னை நிறுத்த வேண்டும். மேம்பாலத்தில் ஏறும்போது பாரம் பின்னால் இழுத்து டிராக்டரின் முன்சக்கரம் தூக்குகிறது. இறங்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து முட்டுகிறது, சட்டென்று பிரேக் அடித்தால் டிராக்டரையே பக்கவாட்டில் மடக்கிப் போட்டுவிடுகிறது. சிலர் ஒன்றுக்கு இரண்டு டிரெய்லராகக் கோத்துக்கொண்டு போகிறார்கள். இதற்கு வேகச் சாலையா வேண்டும்?

தடுப்புச் சுவர் விவகாரம் இதைவிட மோசம். திரும்புகிற இடைவெளி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையிலேயே டிரெய்லரை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். கேட்டால் "ஓரமாத்தானே வரேன்" என்று பதில். எதிரே வருகிறவனுக்கு ஓரம் எது, நடு எது?

பிள்ளையின் வாதங்களில் நியாயமே இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். உள்சாலையில் பள்ளம் இருக்கிறது. மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறது. வளைவில் எதிரே டவுன் பஸ் வந்துவிட்டால் டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது பெரிய வித்தை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் போகும். ஐப்பசி, கார்த்திகையில் கெடிலத்தில் தண்ணீர் வந்தால் தரைப்பாலம் முழுகும். ஊருக்குள் பிள்ளைகள் விளையாடுவார்கள், ஆடு மாடு குறுக்கே வரும். எல்லாம் உண்மை. ஆனால் இவையெல்லாம் வண்டியை மெதுவாகப் போகவைக்கிற தொல்லைகள். நெடுஞ்சாலையின் தொல்லை உயிரை எடுக்கிற தொல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

பள்ளம் இருந்தால் பள்ளத்தை அடைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு விஷயம் சொல்கிறேன். நம் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில், இதர மாவட்டச் சாலைகளில் 'கரும்புச் சாலை' என்று தனியாக ஒரு வகையே உண்டு. வயலிலிருந்து ஆலைக்குக் கரும்பு போவதற்கென்றே போட்ட சாலைகள் அவை. பெயரிலேயே கரும்பு இருக்கிற சாலையைப் புதர் மண்ட விட்டுவிட்டு, கரும்பைத் தேசிய நெடுஞ்சாலையில் ஓட்டுகிறோம். கரும்புச் சாலையைச் சீர் செய்யுங்கள் என்று எத்தனை பேர் மனு எழுதினோம்? மனுவைப் பிரித்துப் படித்து, எண் போட்டு, கோப்பில் சேர்த்த கை என் கை. நான் பார்த்தவரை புதிய சாலை கேட்டு வரும், இருக்கிற சாலையைக் காப்பாற்றச் சொல்லி வருவது குறைவு.

சட்டமும் என் பக்கம்தான். 2008 ஆம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் டிராக்டருக்குச் சுங்கம் இல்லை. எல்லோருக்கும் இந்தப் பாதி தெரியும். அதே விதியின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. சர்வீஸ் ரோடோ மாற்றுச் சாலையோ இருக்கும் இடத்தில் டிராக்டரை அந்த நெடுஞ்சாலையில் விடக் கூடாது. சுங்கச்சாவடியில் டிராக்டரால் வரும்படி இல்லை, அதனால் அதைத் தடுப்பதற்கும் ஆள் இல்லை. சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாகப் போடாத இடங்களில் குற்றம் சாலை போட்டவர்கள் மேல்தான். சேலம் சாலையில் பல ஊர்ப் புறவழிகளை இருவழியாகவே விட்டு, நாலு வழியில் வந்த வேகத்தை இரண்டு வழியில் கொட்டினார்களே, அதற்கு டிராக்டர்காரனா பொறுப்பு? அங்கே அவர்களைக் கேட்போம். மாற்றுச் சாலை இருக்கிற இடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் நான் எதற்கெடுத்தாலும் பிரான்சை இழுப்பேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓதோரூத் என்கிற வேகச் சாலையில் விவசாய டிராக்டர் ஏறவே கூடாது. அதோடு, ஆகஸ்டு விடுமுறையில் அந்த நாட்டில் பாதிப் பேர் காருக்குப் பின்னால் கரவான் என்கிற சக்கர வீட்டைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் புறப்படுவார்கள். 1975 ஆகஸ்டில் ஒரே நாளில் எல்லோரும் பெரிய சாலையில் இறங்கி நாடே முடங்கிப்போனது. அடுத்த வருஷமே அரசாங்கம் பிசோன் ஃபுயூத்தே என்று ஒன்றைத் தொடங்கியது. சூட்டிகையான காட்டெருமை என்று அர்த்தம். எந்த நாளில் புறப்படாதே, எந்தச் சாலையில் போகாதே என்று அது சொல்லும். 'பிஸ்' என்று எழுதிய பச்சைப் பலகை நட்டு, சின்னச் சாலைகளை வரிசையாகக் கோத்து, இந்த வழியாகப் போ என்று காட்டினார்கள். நமக்கும் கரும்புப் பருவத்துக்கு மட்டும் ஆலையைச் சுற்றி அப்படிப் பத்துப் பலகை நட்டால் என்ன? வெட்டு உத்தரவு கொடுக்கும்போதே எந்த வழியாக வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? விளக்கு எரியாத டிரெய்லரை எடைமேடையில் ஏற்றமாட்டோம் என்று ஆலை ஒரு வாரம் உறுதியாக நின்றால், மறுவாரம் எல்லா டிரெய்லரிலும் விளக்கு எரியும்.

வெளிநாடு வரை போவானேன்? பள்ளி விடுமுறைக்கு நான் இங்கே வரும்போது என் மாமா கூண்டு வண்டி கட்டி எங்களைத் திருவெண்ணெய்நல்லூருக்கு அழைத்துப் போவார். பொழுது சாய்ந்துவிட்டால் டிரங்க் ரோட்டில் வண்டியை ஏற்றமாட்டார். சுற்று வழியானாலும் வண்டிப் பாட்டைதான். "தார் ரோடு லாரிக்காரனுக்கு, பாட்டை நமக்கு" என்பார். பாட்டையிலும் அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்ட பிறகே மாட்டை அவிழ்ப்பார். எதிரே யாருமே வராத பாட்டையில் எதற்கு மாமா விளக்கு என்று கேட்டேன். "நமக்கு இல்லடா, வர்றவனுக்கு" என்றார். அவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்.

ஆட்களை ஏற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவிலுக்கு நேர்ந்துகொண்டு, டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, தார்ப்பாய் கட்டி, பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். 2022 அக்டோபர் முதல் தேதி கான்பூர் பக்கம் கோவிலிலிருந்து திரும்பிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று குளத்தில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் செத்தார்கள். பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். பின்னாலிருந்து லாரி வந்து இடித்ததல்ல அது. ஆகவே மனிதர்களை ஏற்றுவதற்கு உள்சாலையும் சரியில்லை, வெளிச்சாலையும் சரியில்லை. பஸ்ஸில் போங்கள்.

நம் வயதுக்காரர்கள் இனி டிராக்டர் ஓட்டப் போவதில்லை. ஆனால் பல வீடுகளில் சாவி இன்னும் நம் தலைமாட்டு ஆணியில்தான் தொங்குகிறது. அதைப் பிள்ளை எடுக்கும்போது எந்த வழி என்று கேட்கலாம். எழுந்து போய்ப் பின்விளக்கைப் பார்க்கலாம். எரியவில்லை என்றால் வாசலில் மறித்துக்கொண்டு நிற்கலாம்.

கிழவனுக்கு எதற்கு இந்த வேலை என்பார்கள். கல்யாணத்துக்குப் புறப்பட்ட நம் ஊர்ப் பிள்ளை சுந்தரரை, ஓலையும் கையுமாக ஒரு கிழவர் வந்து வழிமறித்தார் அல்லவா? அன்றைக்குச் சுந்தரரே அவரைப் பித்தன் என்றார். வழிமறித்தது நல்லதற்குத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னிடம் ஓலை இல்லை, கணக்கு இருக்கிறது. 18 நிமிஷத்துக்காக உயிரைப் பணயம் வைக்காதே என்பதுதான் அந்தக் கணக்கு. எதிர்வீட்டுப் பிள்ளை இன்று சாயங்காலம் லோடு ஏற்றுகிறான். நான் வாசலில்தான் உட்கார்ந்திருக்கப் போகிறேன்.