மணிக்கணக்கு என்னும் பக்தி

கிதார் கற்பவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் எழும் முதல் கேள்வி ‘என்ன வாசிக்கிறாய்’ என்பதல்ல, ‘தினம் எத்தனை மணி நேரம்’ என்பதே. அசுர சாதகம் என்ற சொல்லைக் கைகூப்பியபடி உச்சரித்துப் பழகிய நமக்கு இது இயல்பாகவே படுகிறது. இயல்பாகப் படுவதாலேயே இதை எதிர்க்கவேண்டியிருக்கிறது என்கிறோம்.

இந்த வழிபாட்டுக்கு மேற்கிலும் வேதநூல்கள் உண்டு. ஸ்டீவ் வாயின் 10 மணி நேரப் பயிற்சித் திட்டம் 1990இல் ‘கிதார் வேர்ல்ட்’ இதழில் வெளிவந்தது. மால்கம் கிளாட்வெல் 2008இல் ‘அவுட்லையர்ஸ்’ நூலின் வழியே 10,000 மணி நேரக் கணக்கைப் பரப்பினார். பின்னதன் கதை வேடிக்கையானது. ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்கள் இருவரும் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பெறப்பட்ட எண் அது. அங்கே அது சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் செய்து முடித்திருந்த பயிற்சியின் சராசரி மட்டுமே. வாசலில் செலுத்திவிட்டு உள்ளே நுழைவதற்கான கட்டணம் அல்ல. எரிக்சன் பேசியது குறையைக் குறிவைத்துச் செய்யும் பயிற்சியைப் பற்றி. தம் ஆய்வு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதென்று அவரே பின்னாளில் எழுதினார். அந்தச் சிறந்த மாணவர்கள் பகலில் சற்றுத் தூங்கி எழுந்தார்கள் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை!

நிற்க. நம் வீடுகளில் பயிற்சி எப்படி நடக்கிறது? பாடலை முதலிலிருந்து தொடங்குகிறோம். இரண்டு வரிகள் தேன்போல ஓடுகின்றன. மூன்றாம் வரியில் ஒரு பார் கார்ட். சுட்டுவிரல் ஆறு தந்திகளையும் சேர்த்து அழுத்தவேண்டும். இடறுகிறது. உடனே மறுபடி முதலிலிருந்து. ஒரு மணி நேரத்தில் ஏற்கெனவே தெரிந்த இரண்டு வரிகளை 20 முறை வாசித்திருப்போம், தெரியாத இடத்தில் 20 முறை இடறியிருப்போம். விரல்களுக்குச் சரி தவறு தெரியாது. திரும்பத் திரும்ப நிகழ்வதையே அவை கற்கின்றன. அங்கே வந்ததும் இடறவேண்டும் என்பதை அவை செம்மையாகக் கற்றுக்கொண்டுவிடும்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டியூக்கும் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 17 பியானோ மாணவர்களுக்கு ஷோஸ்டகோவிச்சின் கான்செர்டோ ஒன்றிலிருந்து ஒரு சிறு பகுதி தரப்பட்டது. மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும், எத்தனை நிமிடம் எத்தனை தடவை பயின்றார்கள் என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. தவறாக வாசித்த தடவைகள் கூடக்கூடத் தரம் குறைந்தது. முன்னணியில் நின்றவர்களும் தவறியவர்களே. ஆனால் தவறின் இடத்தையும் காரணத்தையும் கண்டறிந்து, வேகத்தைக் குறைத்து, அது நிலைபெறும்வரை அவ்விடத்தை விட்டு நகர மறுத்தார்கள்.

கிதார்காரர்களுக்கு இது புதுச் செய்தியும் அல்ல. மௌரோ ஜூலியானியின் முதல் ஓபஸில் வலக்கைக்கு 120 பயிற்சிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் இடக்கையில் இரண்டே கார்டுகள். ஒரு கையை ஏறக்குறைய உறங்கவைத்துவிட்டு மற்றதை மட்டும் கேட்பதற்கான ஏற்பாடு அது. (இதையும் சகஸ்ரநாமம்போல ஒன்றிலிருந்து நூற்றிருபதுவரை ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். வேறென்ன சொல்ல.)

மேதைகள் நாளெல்லாம் வாசிக்கவில்லையா என்று கேட்பார்கள். வாசித்தார்கள், கேட்டுக்கொண்டே வாசித்தார்கள். காதை மூடிக்கொண்டு அவர்களுடைய கடிகாரத்தை மட்டும் நகலெடுப்பவர்களுக்குக் கிடைப்பது மணிக்கட்டு வலிதான்.

இதில் எங்களைச் சினம்கொள்ளவைப்பது வேறொன்று. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் ஒருத்திக்கு நாற்பது நிமிடம் மிஞ்சுகிறது. ‘தினம் நாலு மணி நேரம் இல்லாவிட்டால் தொடாதே’ என்ற குரலைக் கேட்டு அவள் கிதாரை ஆணியில் மாட்டிவிடுகிறாள். அந்த நாற்பது நிமிடத்தில் கைபேசியில் ஒருமுறை பதிவுசெய்து கேட்கலாம். இடறும் ஓரிடத்தைப் பிடித்து, குற்றம் இடக்கையிலா வலக்கையிலா என்று பிரித்துப் பார்க்கலாம். பிழையே வராத அளவுக்கு வேகத்தைக் குறைத்து நாலைந்து முறை வாசித்து, இன்னொரு பாடலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, தங்கியிருக்கிறதா என்று சோதிக்கலாம். மறுநாள் கிதாரைக் கையில் எடுத்தவுடன் அதே இடத்தை முதலில் வாசித்துப் பார்க்கலாம். ஆசிரியர்கள் இதைச் சொல்லித்தரட்டும். மாணவர்களின் பயிற்சி நோட்டில் நேரம் குறிக்கும் பத்தியை அடித்துவிட்டு அங்கே இடறிய இடத்தைக் குறிக்கச் சொல்லட்டும்.